தையற்கடைச் சுவரில் தையற்காரர் இல்லை

சிவகாசியில் அச்சாகாத படம் எது என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம். லட்சுமி, சரஸ்வதி, முருகன், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, காந்தி, நேதாஜி, சினிமா நடிகை, பனி மூடிய மலை, கொழுகொழுவென்று ஒரு குழந்தை, பட்டாசுப் பெட்டி மேல் சேவல், தீப்பெட்டி மேல் அணில் என்று எல்லாம் அச்சாகியிருக்கிறது. அச்சாகாதது சிவகாசிதான். கட்டை அடுக்கும் பெண், சரம் பின்னும் விரல்கள், மெஷினுக்குத் தாள் கொடுக்கிறவர், அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளிச் சிலை மாதிரி அறையைவிட்டு வெளியே வரும் மருந்துக்காரர் - இவர்களில் ஒருவரையும் நான் பார்த்த எந்தக் காலண்டரிலும் பார்த்ததில்லை. ஊரெல்லாம் படம் அடித்து அனுப்பிய ஊருக்குத் தன் முகத்தைப் படமாகப் பார்க்கிற பழக்கம் வரவில்லை.

புலம்புவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த இன்மைக்குக் காரணங்கள் உண்டு. அவை அழகியல் காரணங்கள் மட்டும் அல்ல. அவற்றைப் பிடிப்பதற்கு, சிவகாசிக்குச் சம்பந்தமே இல்லாதவர் போலத் தோன்றும் ஓர் எண்ணெய் வண்ண ஓவியரிடம் போகவேண்டியிருக்கிறது. பரோடாவில் வாழ்ந்த பூபேன் கக்கர் (1934-2003). தமிழில் இவரைப் பற்றி ஓவியர்கள் பேசிய அளவுக்கு எழுத்தாளர்கள் பேசவில்லை. நம் இலக்கிய விவாதங்களில் ‘யதார்த்தம்’, ‘அன்றாடம்’, ‘விளிம்பு’ என்று நாம் உருட்டும் சொற்களுக்கெல்லாம் அவருடைய கேன்வாஸில் நேரடியான வேலை இருக்கிறது.

கக்கர் பம்பாயில் பிறந்தவர். படித்தது கணக்கு, பட்டயக் கணக்காளர். 1962இல் பரோடாவுக்குப் போய் அங்கே நுண்கலைப் புலத்தில் கலை விமர்சனம் படித்தார். ஓவியம் வரைவதில் முறையான பயிற்சி கிடையாது. பல வருஷங்கள் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிக்கொண்டேதான் படம் வரைந்தார். அறுபதுகளின் நடுவில் அவர் முதலில் செய்தவை ஒட்டுப்படங்கள். பஜாரில் விற்கும் சாமி படங்களை வெட்டி ஒட்டி, மேலே வண்ணம் பூசி, தெருச்சுவரில் கண்ட கிறுக்கல்களைச் சேர்த்துச் செய்தவை. பஜார்ப் படம் என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் அன்றைய நவீன ஓவியரின் நாகரிகம். இவர் அதைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே கொண்டுவந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒட்டுவதை விட்டுவிட்டு எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். அப்போது வந்தவைதான் தொழில்காரர்களின் படங்கள்: ‘ஜனதா வாட்ச் ரிப்பேரிங்’ (1972), ‘டீலக்ஸ் டெய்லர்ஸ்’ (1972), ‘பார்பர் ஷாப்’ (1973). தலைப்புகளைக் கவனியுங்கள். நம் முற்போக்கு ஓவியர்கள் என்றால் ‘உழைப்பு’, ‘பசி’, ‘விடியலை நோக்கி’ என்று வைத்திருப்பார்கள். கக்கர் கடை போர்டில் என்ன எழுதியிருக்குமோ அதையே தலைப்பாக்கினார். கடிகாரங்களுக்கு நடுவே ரிப்பேர்க்காரர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உருவங்கள் கொஞ்சம் விறைப்பாக இருக்கின்றன. தூரமும் பக்கமும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கணக்குக்கு ஒத்துவருவதில்லை. வண்ணம் போர்டு எழுதுகிறவரின் எனாமல் மாதிரித் தட்டையாக, பளபளப்பாக நிற்கிறது. பார்க்கிறவரிடம் இந்த மனிதர் எதையும் கேட்கவில்லை. இரக்கத்தைக்கூடக் கேட்கவில்லை. ‘ஐயோ பாவம்’ சொல்லக் காத்திருக்கும் நடுத்தர வர்க்க ரசிகனுக்கு இந்தப் படத்தில் உட்கார இடமே இல்லை.

இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? தெருவிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் தெருவைப் பார்க்கிற எல்லாருமா இப்படி வரைகிறார்கள்? தெரு தானாகப் படமாகாது. அதைப் படமாகப் பார்ப்பதற்கு ஏற்கனவே சில படங்கள் கண்ணுக்குள் இருக்கவேண்டும். கக்கர் கண்ணுக்குள் இரண்டு சேமிப்புகள் இருந்தன: ஒன்று பஜார், மற்றது மியூசியம்.

சென்னை ஜனங்கள் எழும்பூர் மியூசியத்துக்கு வைத்த பெயர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. அபாரமான விமர்சனம் இது. செத்த காலேஜிலிருந்து ஓர் ஓவியர் எதை எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார் என்பதுதான் கேள்வி. பரோடா ஓவியர்கள் ஐரோப்பிய மறுமலர்ச்சியின் உச்சங்களைவிட்டு அதற்கு முந்தைய சியன்னா நகரத்து ஓவியர்களிடம் போனார்கள். அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1338-39இல் சியன்னா நகரமன்றத்துச் சுவரில் வரைந்த ‘நல்லாட்சி’யில் கடைகள், கட்டடம் கட்டுகிறவர்கள், கழுதை ஓட்டிவருகிறவர்கள் என்று ஒரு நகரமே வேலை செய்துகொண்டிருக்கிறது. ஒரே மையம் கிடையாது. கண் எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். கக்கரின் நண்பர் குலாம்முகம்மது ஷேக்கின் ‘விற்பனைக்கு நகரம்’ (1981-84) பல நிகழ்ச்சிகளை ஒரே கேன்வாஸில் அடுக்குவதற்கு இத்தகைய பழைய படங்கள் தந்த துணிச்சலும் ஒரு காரணம். கக்கருக்குப் பிடித்த இன்னொருவர் ஹென்றி ரூஸோ, பாரீஸில் சுங்கச்சாவடி குமாஸ்தா, பயிற்சி இல்லாதவர். கணக்கப்பிள்ளைக்குக் குமாஸ்தா துணை.

*

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது நம் வீட்டுச் சரக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் தஞ்சாவூர் ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களுக்காக ஆல்பம் ஆல்பமாகத் தொழில்காரர்களை வரைந்து கொடுத்தார்கள். ஒரு தாளுக்கு ஒரு ஜோடி. குயவரும் மனைவியும், நெசவாளரும் மனைவியும், பனையேறியும் மனைவியும். கையில் தொழிற்கருவி, காலடியில் ஒரு கீற்றுத் தரை, பின்னால் ஒன்றுமில்லை. கூடவே சாதிப் பெயர், தொழிற் பெயர். ஆள் பெயர் இல்லை. இந்த ஆல்பங்கள் கப்பலேறி இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

தமிழ் உழைப்பாளி வரிசையாகப் படத்துக்குள் வந்தது இப்படித்தான், ஒரு மாதிரிச் சரக்காக. பூச்சியைக் குண்டூசி குத்தி வைப்பார்களே, அந்த மாதிரி. ஆளத் தேவையான அறிவுக்காக வரையப்பட்ட படம். விமர்சகர்கள் கக்கரின் தொழில்காரர்களை இந்தக் கம்பெனிப் படங்களோடு சேர்த்துப் பேசியிருக்கிறார்கள். பேசவேண்டியதுதான். நேராக நிற்கும் உருவம், கையில் தொழில், அதிகம் பேசாத முகம் எல்லாம் இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் கம்பெனிப் படத்தில் பின்னணி வெறுமை. கக்கரிடம் அந்த வெறுமையில் கடை வந்துவிட்டது. போர்டு வந்துவிட்டது, கடிகாரம் வந்துவிட்டது. சாதிப் பெயர் எழுதிய இடத்தில் அந்த மனிதரே சூட்டிய கடைப்பெயர் வந்துவிட்டது. ‘ஜனதா’ என்பதும் ‘டீலக்ஸ்’ என்பதும் சாதிக்கு வெளியே நிற்க ஆசைப்படும் சொற்கள் இல்லையா? மியூசியத்திலிருந்து ஓர் ஓவியர் எடுத்துவருவது என்றால் இதுதான். குண்டூசியைப் பிடுங்கிவிட்டு ஆளை நடக்கவிடுவது.

எண்ணெய் வண்ணம் என்ற பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாகக் காயும். காய்வதற்குள் ஒன்றோடொன்று இழைக்கலாம், அடுக்கடுக்காக ஏற்றலாம். அதனால்தான் பட்டு பட்டாகவும் உலோகம் உலோகமாகவும் கைக்கு எட்டுவதுபோல் தோன்றும். இந்த ஊடகம் ஐரோப்பாவில் சொத்துடைமையின் பார்வையாக வளர்ந்தது என்று ஜான் பெர்ஜர் 1972இல் வாதிட்டார்: எதைத் தொடலாமோ அதை வாங்கலாம். நம் பக்கத்தில் இதை ரவிவர்மாவிடம் (1848-1906) பார்க்கலாம். தஞ்சாவூர்ப் படத்தில் பொன் ஒட்டப்படுகிறது. ரவிவர்மா படத்தில் பொன் இல்லை. பொன்னின் மினுக்கம் மட்டும் வரையப்படுகிறது. சரிகையும் நகையும் எண்ணெய் வண்ணத்தால் உண்டாகின்றன. 1893இல் சிகாகோ கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்துப் படங்களில் ஒன்று தென்னிந்திய நாடோடிக் குடும்பத்தைப் பற்றியது. மறுவருஷம் தொடங்கிய அவருடைய அச்சகம் பேர் வாங்கியது லட்சுமியாலும் சரஸ்வதியாலும் புராணப் பெண்களாலும். நாடோடிக் குடும்பம் கண்காட்சிக்கு, லட்சுமி வீட்டுச் சுவருக்கு என்ற பாகப்பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது.

கக்கர் இந்தச் சொத்துடைமை வண்ணத்தை டெரிலின் சட்டைக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் செலவழித்தார்.

*

இப்போது கோவில்பட்டிக்கு வரலாம். சிவகாசியில் அச்சான சாமி படங்களின் கண்ணையும் கன்னத்தையும் தீர்மானித்தவர்களில் முதன்மையானவர் சி. கொண்டையராஜு (1898-1976). மயிலாப்பூரில் பிறந்து, சென்னைக் கலைப் பள்ளியில் படித்து, திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனியில் சீன் வரையப் போனவர். கம்பெனி கலைந்த பிறகு நாற்பதுகளில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்தார்கள். ‘மீனாட்சி கல்யாணம்’ படத்தைப் பார்க்காத தெற்கத்தி வீடு இருக்குமா? மீனாட்சியைத் தாரைவார்த்துக் கொடுக்கும் பெருமாள், நாணித் தலைகுனிந்த மணப்பெண், பின்னால் தூண்கள். அந்தத் தூண்கள் பின்னோக்கிச் சுருங்குகிற கணக்கு நாடகத் திரையிலிருந்து வந்தது.

நாடகத் திரையில் இன்னொன்றும் இருந்தது. கம்பெனி நாடகத்துக்கு வழக்கமான திரைகள் தர்பார், நந்தவனம், காடு, கைலாசம், அப்புறம் தெரு. ‘தெரு சீன்’ இல்லாத கம்பெனி கிடையாது. பபூன் வருவதும் சண்டை நடப்பதும் அந்தத் தெருவில்தான். சீன் வரைந்த கைகள் காலண்டருக்கு வந்தபோது தர்பார் வந்தது, நந்தவனம் வந்தது, கைலாசம் வந்தது. தெரு மட்டும் வரவில்லை. வண்ணமும் எண்ணெயிலிருந்து இறங்கிப் பெரும்பாலும் நீரில் குழைக்கும் வண்ணமாகியது. அச்சகக்காரருக்கு அவசரம், எண்ணெய் காய்கிற வரைக்கும் அவர் காத்திருக்க முடியாது.

தெரு ஏன் வரவில்லை? ஓவியருக்கு விருப்பமில்லை என்றோ ரசனை மட்டம் என்றோ சொல்வது சோம்பேறி விமர்சனம். காலண்டர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கவேண்டும். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டுப் புது வருஷத்து ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். மளிகைக் கடைக்காரர், ஜவுளிக் கடைக்காரர், நகைக் கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டி நம்பரைச் சொல்லுவார். கீழே கடைப்பெயர், மேலே படம், நடுவே தேதித்தாள். தை பிறந்தால் வாடிக்கையாளருக்கு இனாம். ஆக, படத்துக்குக் காசு கொடுப்பவர் ஒருவர், அதைப் பார்ப்பவர் வேறொருவர். காசு கொடுப்பவருக்கு வேண்டியது தம் கடைப்பெயர் முடிந்தவரை அதிக நாள் சுவரில் தொங்குவது. டிசம்பர் முடிந்து தாளெல்லாம் கிழிந்துபோனாலும் சாமி படத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அட்டையை வெட்டிக் கண்ணாடி போட்டுவிடுவார்கள், அல்லது பூஜை அலமாரியில் சாத்திவைப்பார்கள். விளம்பரத்துக்குத் தெய்வம் ஜாமீன். தையற்காரர் படத்துக்கு யார் ஜாமீன்? ஜனவரி இரண்டாம் தேதி அவரைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம்.

இயந்திரப் பிரதி பெருகும்போது மூலப்படைப்பின் ஒளிவட்டம் உதிர்ந்துவிடும் என்றார் வால்டர் பெஞ்சமின். முப்பதுகளின் ஐரோப்பாவில் உட்கார்ந்து அவர் அப்படி எழுதியது சரி. சிவகாசியில் நடந்தது தலைகீழ். இங்கே மூலத்தை யாரும் தேடுவதில்லை. வரைந்த அட்டை அச்சகத்தில் எங்கோ கிடக்கும். சந்தனம் வைத்து, பூப்போட்டு, ஊதுபத்தி காட்டும்போது பிரதிக்குத்தான் ஒளிவட்டம் வருகிறது. ஒரே அச்சில் அடித்த ஆயிரம் தாள்களில் ஒவ்வொன்றும் அந்தந்த வீட்டில் தனித் தெய்வம்.

இதை இளக்காரமாகப் பேசுகிறவர்கள் ஒரு வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். 1899இல் சிவகாசி எரிந்தது நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நாடார்களும் தாழ்த்தப்பட்டவர்களும் நுழைந்தது 1939 ஜூலையில். இரண்டுக்கும் இடையில், 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து அடுத்த வருஷம் சிவகாசியில் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு லித்தோ வேண்டும். லித்தோ வந்தால் காலண்டரும் அடிக்கலாம். உள்ளே விடாத கோயிலின் கர்ப்பக்கிரகத்தைத் தாளில் அடித்து, சாதி பார்க்காமல், சேரி உட்பட எல்லாச் சுவருக்கும் அனுப்பியது இந்த ஊர். மீனாட்சி கல்யாணத்தை முன்வரிசையில் நின்று பார்க்கிற பாக்கியத்தைத் தெருவுக்கே கொடுத்தது காலண்டர். பூசாரி இல்லாத தரிசனம். இதில் ஒரு ஜனநாயகம் இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. கம்பெனி ஆல்பத்தில் குண்டூசி குத்தி நின்ற பனையேறியின் சந்ததி, படம் எடுக்கப்படும் இடத்திலிருந்து படம் அடிக்கும் இடத்துக்கு வந்தது.

ஆனால் அந்த நகர்வில் படம் அடிக்கும் முதலாளி வந்தார். மெஷினுக்குத் தாள் கொடுக்கிறவர் வரவில்லை. தரிசனம் கிடைத்தது, தன்னைப் பார்ப்பது கிடைக்கவில்லை.

*

இதே காலத்தில், இதே ஊரில், எழுத்து வேறு பாதையில் போனது என்பதுதான் என்னை உறுத்தும் விஷயம். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் வந்தார்கள். கரிசல் மண், சம்சாரி, ஏகாலி, ஆசாரி, கம்மங்கஞ்சி எல்லாம் கதைக்குள் வந்தன. கொண்டையராஜு மறைந்த 1976ஆம் வருஷம்தான் ‘கோபல்ல கிராமம்’ வெளியானது. பிறகு பூமணி எழுதினார். தீப்பெட்டி ஆபீசுக்கு வேனில் போகும் பிள்ளைகளைத் தொண்ணூறுகளில் ‘கருவேலம்பூக்கள்’ என்று அவரே சினிமாவாகவும் எடுத்தார். ஒரே பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தவர்கள்தான். ஒரு பக்கம் பேச்சுமொழியை எழுத்துக்குள் கொண்டுவந்து இலக்கணத்தையே ஆட்டிவைத்த புனைவு. இன்னொரு பக்கம் கைலாசம். வாசகன் ஐந்நூறு பேர் இருந்தால் கரிசல் கதைக்குப் போதும், சிறுபத்திரிகை தாங்கிக்கொள்ளும். காலண்டருக்கு ஐந்நூறு பேர் போதாது. இங்கே வித்தியாசம் திறமையில் இல்லை, யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

சென்னை நவீன ஓவியர்கள் இந்த இடைவெளியை நிரப்பியிருக்கலாமே என்றால், அவர்கள் வேறு தேடலில் இருந்தார்கள். கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் ஜாதகக் கட்டம், எழுத்து, யந்திரம் என்று போனார். 1966இல் சோழமண்டலம் உருவானது. தமிழ்த்தன்மையைக் கோட்டிலும் குறியிலும் தேடினார்கள். தெருவில் அதிகம் தேடவில்லை. இலக்கியத்தோடு அவர்களுக்கு இருந்த உறவு நெருக்கமானது. ஆதிமூலத்தின் கோடுகள் இல்லாமல் சிறுபத்திரிகை அட்டைகளை நினைத்துப் பார்க்க முடியாது, கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிகளுக்கும் அவர்தான் வரைந்தார். ஆனால் அது கறுப்பு மசியின் உறவு. எண்ணெய் வண்ணத்துக்குள் கரிசல் வரவில்லை.

கக்கரிடம் திரும்புவோம். காலண்டர் மொழியிலிருந்து அவர் கற்றதன் உச்சம் ‘பிளாஸ்டிக் பூங்கொத்தோடு ஒரு மனிதர்’ என்ற எழுபதுகளின் நடுப்பகுதிப் படம். நடுவில் பெரிதாக, நம்மைப் பார்த்தபடி ஒரு சாதாரண ஆள். கையில் பிளாஸ்டிக் பூ. அவரைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களாக அன்றாட வாழ்க்கைக் காட்சிகள். இந்த அமைப்பு நமக்குப் புதிதில்லை. நடுவில் முருகன், சுற்றி அறுபடை வீடு. நடுவில் ஐயப்பன், சுற்றி அவர் வரலாறு. பிரதான தெய்வமும் பரிவாரமும் என்கிற கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. தெய்வத்தின் இடத்தில் பெயர் தெரியாத நடுத்தர வயது மனிதர் உட்கார்ந்திருக்கிறார். தெய்வத்துக்கு ஆறு படைவீடு என்றால் இவருக்கு ஆறு சலிப்பு. கிண்டலா என்றால் கிண்டல்தான். ஆனால் அந்தக் கண்களில் உள்ள தனிமை கிண்டலுக்குள் அடங்கவில்லை. 1981இல் ‘எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது’ என்ற படத்தில் மாடியில் நிர்வாணமாக நின்று ஓர் ஆண் தெருவைப் பார்க்கிறார். கீழே அப்பனும் மகனும் கழுதையும் என்ற பழைய கதை நடக்கிறது. ஓர்பால் விருப்பம் கொண்டவராகத் தம்மை வெளிப்படையாக முன்வைத்த படம் அது. தெருவைப் பார்க்கிற ஓவியர் யார், எந்த மாடியில், என்ன உடுப்போடு நின்று பார்க்கிறார் என்பதையும் படத்துக்குள் வைத்துவிட்டார். நம் யதார்த்தவாதிகள் அநேகமாகத் தாங்கள் நிற்கும் மாடியை வரைவதேயில்லை.

அதே 1981இல் கக்கர், ஷேக், ஜோகேன் சௌத்ரி, நளினி மலானி, சுதீர் பட்வர்தன், விவான் சுந்தரம் ஆறு பேரும் சேர்ந்து ‘மக்களுக்கான இடம்’ என்ற கண்காட்சியை வைத்தார்கள். கீதா கபூர் அதற்குக் கட்டுரை எழுதினார். பட்வர்தன் தானேயில் எக்ஸ்ரே மருத்துவர். ‘இரானி ஓட்டல்’ (1977), ‘நகரம்’ (1984) போன்ற படங்களில் பம்பாய்ச் சுற்றுப்புறத்துத் தொழிலாளியின் உடம்பை எலும்பு தெரிந்தவராக வரைந்தவர். தோளின் கனம், நிற்கும்போது இடுப்பு ஒடிகிற விதம் அவருக்குத் தெரியும்.

ஆனால் இங்கே நிற்கவேண்டும். இந்தப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? பூங்கொத்து மனிதர் டில்லி தேசிய நவீன ஓவியக்கூடத்தில். மாடி மனிதர் லண்டன் டேட்டில். ஷேக்கின் நகரம் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில். தஞ்சாவூர் ஆல்பங்கள் போன கப்பலிலேயே இவையும் போயிருக்கின்றன. பரோடாவின் தையற்காரர்கள் தம் கடைச்சுவரில் மாட்டியிருந்தது, மாட்டியிருப்பது, யாரோ ஜவுளிக்கடைக்காரர் கொடுத்த லட்சுமி காலண்டரைத்தான். கொண்டையராஜுவின் படத்துக்கு மக்கள் இருந்தார்கள், படத்துக்குள் தெருமனிதர் இல்லை. கக்கரின் படத்துக்குள் தெருமனிதர் இருக்கிறார், படத்துக்கு முன்னால் அவர் நிற்கவில்லை. ஒன்றை உயர்கலை, மற்றதை வெகுஜனக் கலை என்று பெயர் வைத்துப் பிரித்துவிடுவதால் இந்த முடிச்சு அவிழாது. பட்வர்தன் இதை உணர்ந்தவர் என்று நினைக்கிறேன்; 2008-09இல் நவீன ஓவியங்களை மகாராஷ்டிரத்தின் சிறுநகரங்களுக்குக் கொண்டுபோன கண்காட்சியை அவர்தான் தொகுத்தார். தமிழ்நாட்டில் சாத்தூருக்கோ விருதுநகருக்கோ ஒரு கேன்வாஸ் வந்திறங்கினால் அது பட்டாசு லாரியா என்று செக்போஸ்ட்டில் கேட்பார்கள்.

*

சிவகாசித் தொழிலாளி படமே ஆகவில்லை என்று சொல்ல முடியாது. ஃபோட்டோ ஆகியிருக்கிறார். 1991இல் மீனம்பட்டி, 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி என்று ஒவ்வொரு வெடிவிபத்துக்கும் மறுநாள் பத்திரிகையில் வருவார், போர்வைக்கு அடியில். 1990இல் சலம் பென்னூர்கர் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். குழந்தைத் தொழிலாளர் பற்றிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. இவை எல்லாம் வேண்டியவை. அந்த ஆவணப்படம் இல்லாமல் பல பேர் கண் திறந்திருக்காது. ஆனால் விபத்தும் கொடுமையும் மட்டுமே படமாகும்போது, விபத்து நடக்காத முந்நூற்றுச் சொச்ச நாட்கள் பார்வைக்கு வெளியே போய்விடுகின்றன. சரம் பின்னுகிற பெண் பின்னும்போது என்ன பேசினாள், மருந்து அறைக்காரர் குளித்துவிட்டுச் சட்டை மாற்றித் தேர் பார்க்கப் போனபோது எப்படி இருந்தார் - இதெல்லாம் சாட்சியமாகாது. அதனால் கேமராவுக்கு வேண்டியிருப்பதில்லை. ‘பாதிக்கப்பட்டவர்’ என்பதும் ஒருவகைக் கம்பெனி ஆல்பம்தான். ஆள் பெயர் இல்லை, கையில் தொழில், பின்னால் வெறுமை.

அச்சகங்களில் ஒரு வகைத் தாள் கிடைக்கும். மெஷின் செட் பண்ணும்போது புதுத்தாளை வீணாக்காமல் ஏற்கனவே அடித்துக் கழித்த தாளையே திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். லட்சுமி மேல் பிஸ்கட் உறை, அதன் மேல் கம்பி மத்தாப்பு லேபிள், அதன் மேல் ஏதோ ஒரு நோட்டுப் புத்தக அட்டை. நாலு கண், எட்டுக் கை, நடுவில் ஒரு சேவல். பொட்டலம் மடிக்கவும் புத்தகத்துக்கு அட்டை போடவும் எங்கள் பக்கத்தில் இதுதான். நான் சிலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். கக்கரின் அறுபதுகளின் ஒட்டுப்படங்களை அச்சில் முதன்முதலாகப் பார்த்தபோது இந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது. அவர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்து யோசித்துச் செய்ததை இங்கே மெஷின்மேன் யோசிக்காமலே தினம் செய்கிறார். ஒரு வித்தியாசம், கையெழுத்துப் போடுவதில்லை. ‘இதுல என்ன சார் இருக்கு, வேஸ்ட் தாள்’ என்பார்கள். சிவகாசியின் ஒரு நாள் வேலை முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும் ஒரே படம் அதுதான். ஊர் தன்னைத் தெரியாத்தனமாக வரைந்துகொண்டது.

கடைசியாக நம் தோழர்களின் காலண்டர்கள். தொழிற்சங்கங்களும் இயக்கங்களும் வருஷா வருஷம் அடிக்கின்றன, பல சமயம் சிவகாசியிலேயே. அங்கே காசு கொடுப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே மளிகைக் கடைக்காரர் இல்லை. தெய்வ ஜாமீன் தேவையில்லை. சொல்லப்போனால் தெரு உள்ளே வருவதற்கு எல்லா வசதியும் உள்ள ஒரே காலண்டர் இதுதான். நான் பார்த்தவற்றில் நடுவில் மார்க்ஸ் இருக்கிறார், அல்லது பகத்சிங், அம்பேத்கர், பெரியார். நேர்ப்பார்வை, பின்னால் உதயசூரியன், சுற்றிக் கதிர்கள். பிரதான தெய்வம் அமைப்பு அப்படியே. கொஞ்சம் துணிந்தவர்கள் முஷ்டி உயர்த்திய கையை மட்டும் போடுவார்கள். யாருடைய கை என்று கேட்கக்கூடாது. தலைவர்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. சுற்றியிருக்கிற கதிர்களின் இடத்தில் கட்டங்கள் போட முடியும். கட்டை அடுக்குகிற அறை, சம்பளம் வாங்குகிற சனிக்கிழமை, மெஷினுக்குத் தாள் கொடுக்கிறவரின் மத்தியானச் சாப்பாடு, வேன் வருவதற்கு முன்னால் டீக்கடை. பன்னிரண்டு கட்டம் போட்டால் மாதம் ஒன்று. அச்சுக்கூலி அதேதான். ஆல்பம் ஆடிப்பெருக்குக்கு வெளியாகும். வரைகிற நண்பர்கள் சித்திரையிலேயே தொடங்கினால் எண்ணெய் வண்ணம்கூடக் காய்ந்துவிடும்.